நடுகல்லும் தலைநகர் நினைவகமும்

சங்கச் சான்றோர் பாடிய நடுகல்லின் வழிவந்ததே இக்காலப் போர் நினைவகம் என்னும் கூற்று நம் துறை ஆய்வேடுகளில் வேரூன்றிவிட்டது. புறத்திணை பற்றி எழுதப்புகும் மாணவர், தொல்காப்பியர் கூறும் துறைகளை முதற்கண் நிறுத்துவர். செங்கம் நடுகற்களை இடையில் வைப்பர். சென்னைக் கடற்கரைச் சாலையின் தலைப்பில் உள்ள போர் நினைவுச் சின்னத்தையும் தில்லியின் தேசியப் போர் நினைவகத்தையும் இறுதியிற் சேர்த்து, மரபு அறாது தொடர்கின்றது என முடிப்பர். யானும் இளமையில் அங்ஙனம் எழுதியதுண்டு. அக்கூற்று பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வையம் எனக்கு நூலகத்தில் எழுந்ததன்று. சில ஆண்டுகட்கு முன் முதுகலை மாணவருடன் தில்லி சென்றிருந்தேன். செல்லூரைச் சார்ந்த மாணவர் ஒருவர், 1965 ஆம் ஆண்டுப் போரில் உயிர்நீத்த தம் பாட்டனாரின் தம்பி பெயரை நினைவகச் சுவரில் நெடுநேரம் தேடிக் கண்டார். பெயர் இருந்தது; பதவியும் படைப்பிரிவும் இருந்தன. கல்லைத் தொட்டு நின்றவர், “ஐயா, எந்த இடத்தில், என்ன செய்து பட்டார் என்பது இதில் இல்லையே” என்றார். அவ்வீட்டில் இன்றும் அவர் மறைந்த நாளிற் படையல் உண்டு. அங்கும் அச்செய்தியை அறிந்தார் எவரும் இலர். புறநானூற்றை இருபதாண்டு கற்பித்த எனக்கு அவ்வினாவிற்கு உடனே விடைகூற இயலவில்லை. அவர் கேட்டது நடுகல் கேட்கும் கேள்வி. விடை தந்த கல் நடுகல் அன்று.

நடுகல் என்பது யாது? தொல்காப்பியர் புறத்திணையியலில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளை வகுக்கின்றார். இவற்றை அவர் வைத்த இடமே கருதத்தக்கது. அரசர் மண்ணாசையால் மேற்செல்லும் வஞ்சியில் வைத்திலர். வெற்றியைப் போற்றும் வாகையிலும் வைத்திலர். ஆநிரை கோடலும் மீட்டலுமாகிய வெட்சியில் வைத்தார். நிரை என்பது ஊரின் உடைமை. அது கவரப்பட்டால் ஊர்ப் பிள்ளைகட்குப் பாலில்லை, உழவிற்கு எருதில்லை. அதனைக் காத்து வீழ்ந்தான் ஒருவனை அவ்வூரார் அறிவர். அவன் ஏன் வீழ்ந்தான் என்பதும் அவர்க்குத் தெரியும். கல்லைத் தேர்ந்து காண்பவரும், எடுப்பவரும், நீராட்டுபவரும், நடுபவரும் அவனோடு ஒரு மன்றில் இருந்தவரே. ஆறு நிலைகளிலும் அரசனுக்கு இன்றியமையாத பணி யாதும் இல்லை.

பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை ஆசிரியர் ஐயனாரிதனார், கற்காண்டல் முதலாய துறைகளை வெட்சியினின்றும் பெயர்த்துப் பொதுவியற் படலத்தில் அமைத்தார். இம்மாற்றத்தைப் பாகுபாட்டு வேறுபாடு என நாம் எளிதிற் கடந்துவிடுகின்றோம். ஆனால் இதன் விளைவு பெரிது. கல், ஆநிரையினின்றும் பிரிந்தது. எப்போரில் இறந்தார்க்கும் உரியது என ஆகிவிட்டபின், எதன்பொருட்டு இறந்தான் என்னும் வினா கல்லுக்கு வேண்டாததாயிற்று. இன்றைய நினைவகத்தை நடுகல்லோடு இணைப்போர் தொல்காப்பியரைச் சான்று காட்டுவர். அவர் தம் கருத்திற்கு உண்மையில் துணையாவது ஐயனாரிதனாரே.

தொல்காப்பியர் வைப்புமுறை வெறும் இலக்கண அமைப்பன்று என்பதற்கு நம் வையைக் கரையே சான்று. 2006 ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றினைக் கண்டனர். அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோளிற் பட்ட தீயன் அந்தவனுக்கு உரியது. ஆகோள் என்னும் சொல் தொல்காப்பியத்தில் உள்ளது. அதுவே கல்லிலும் உள்ளது. அச்சிறு கல்லில் எழுதற்கு இடம் குறைவு. அக்குறைந்த இடத்தில், இறந்தான் பெயரும் ஊரும், பூசல் நிகழ்ந்த ஊரும், பூசலின் இயல்பும் கூறப்பட்டுள்ளன. அரசன் பெயர் இல்லை.

பல்லவர் காலத்துச் செங்கம் நடுகற்களில் அரசன் நுழைந்துவிடுகின்றான். இதனை மறைத்தல் நேர்மை ஆகாது. அக்கற்கள் பலவும் இன்ன மன்னற்கு இத்தனையாவது ஆண்டு எனத் தொடங்கும். ஆயினும், தொடக்கம் அரசனுடையதாயினும் செயல் ஊருடையதே. எடுத்தனூர்க் கல்லைக் காண்க. மகேந்திரவர்மனுக்கு 34 ஆவது ஆட்சியாண்டில், கருந்தேவக்கத்தி என்பான் பட்டதனைக் கூறும் அக்கல்லில் அவன் அருகே நாயொன்றும் வடிக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது எனக் கல் கூறுகின்றது. நாயின் பெயரையும் அது கடித்த கள்வர் தொகையையும் விடாது எழுதிய மரபு அது. அவ்வூரார்க்கு இது சிறு செய்தி அன்று.

இனி, நடுகல் யார் கண்ணிற்படுகின்றது என்பதையும் நோக்குதல் வேண்டும். அகநானூற்றில் ஒற்றை எண் பெற்ற பாட்டுக்கள் யாவும் பாலை என்பது அறிந்ததே. நடுகல்லை விரித்துரைக்கும் 35, 67, 131, 297, 343 முதலிய பாட்டுக்கள் அவ்வரிசையிலேயே உள. பொருள்வயிற் பிரியும் தலைவன் செல்லும் சுரத்திடை நடுகல் நிற்கின்றது. பீலி சூட்டப்பட்டும், வேலும் கேடகமும் சார்த்தப்பட்டும், பெயரும் பெருமையும் எழுதப்பட்டும் நிற்பினும், சில பாட்டுக்களில் அதனை நினைப்பவள் வீட்டில் இருக்கும் தலைவி. அவள் நெஞ்சில் அக்கல் புகழின் அடையாளம் அன்று. இவ்வழியில் மக்கள் இறப்பர் என்பதற்கு அறிகுறி. புகழை மறுக்காமலே அச்சத்தை உடன்வைத்த நுட்பம் இது. நம் ஆய்வேடுகள் இப்பாட்டுக்களினின்றும் கல்லின் வருணனையை மட்டும் அறுத்தெடுத்து வீரவழிபாட்டுக்குச் சான்றாக அடுக்குகின்றன; தலைவியை வெளியே நிறுத்திவிடுகின்றன. பாலைப் பாட்டைப் புறப்பாட்டாக்கிப் படிக்கும் இப்பழக்கத்தைக் கைவிட்டாலன்றி நடுகல்லை நாம் அறிந்தோம் எனல் ஒல்லாது.

343 ஆம் பாட்டு இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. உளி செதுக்கிய எழுத்தின் கோடுகள் மாய்ந்துவிட, வழிச்செல்வார் எஞ்சியவற்றைப் படித்து வேறு பொருள் கொள்கின்றனர். கல்வெட்டு ஆய்வாளர் இன்று படும் துன்பத்தை அன்றே அறிந்த புலவர் அவர்! கல்லும் நிலையாதது, எழுத்தும் நிலையாதது, படிப்பவன் அறிவும் உறுதியற்றது என்பதனை மறைவின்றிக் கூறிய இலக்கியம் நம்முடையது. என்றும் அழியா நினைவு என்று கல்லைப் போற்றும் உரைகட்கு இப்பாட்டு இடங்கொடாது.

அங்ஙனமாயின் தலைநகர் நினைவகத்திற்கும் படைக்கல அருங்காட்சியகத்திற்கும் தமிழிலக்கியத்தில் மூலமே இல்லையோ எனின், உண்டு. அதனை நாம் தவறான இடத்தில் தேடிவந்தோம்.

புறநானூற்று 95 ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். பாடாண் திணை, வாண்மங்கலத் துறை. அதியமான் பொருட்டுத் தூது சென்ற ஔவையார்க்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்பது பாட்டின் பின்னுள்ள குறிப்பு. குறிப்புப் பிற்காலத்தது ஆகலாம். பாட்டின் போக்கு அதனைத் தாங்குகின்றது. தொண்டைநாட்டுத் தலைநகர் காஞ்சி ஆதலின், தலைநகர் ஒன்றன் படைக்கலக் காட்சியைப் பற்றித் தமிழில் எழுந்த முதல் திறனாய்வு இப்பாட்டெனக் கொள்ளலாம். இங்குள்ளவை பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசப்பட்டு, காவலுடைய பெருமனையில் உள்ளன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனது சிறு கொட்டிலிற் கிடக்கின்றன. ஔவையார் கூறுவது இத்துணையே. புகழ்வதுபோல் தொடங்கிப் பழித்தது என்று உரைகாரர் நயங்காட்டுவர். அதனினும் ஆழமானது பின்வரும் பகுதி. அப்படைக்கலத்துக்கு உரியவன் யாவன் என்று கூறவந்த ஔவையார் அவன் போர்த்திறத்தை விரிக்கவில்லை. செல்வமுண்டாயின் உணவு தருபவன், இல்லையாயின் உள்ளதைப் பகிர்ந்து உடனுண்பவன், வறியோர் சுற்றத்தின் தலைவன் என்கின்றார். கருவியினின்றும் மனிதனுக்குப் பாட்டு நகர்கின்றது.

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1948 இல் திறக்கப்பெற்ற அருங்காட்சியகத்தில் வாளும் துப்பாக்கியும் பிறவும் தூய்மை செய்யப்பட்டுக் கண்ணாடிப் பேழைகளில் உள்ளன. தில்லிச் செங்கோட்டை முரசுமாளிகையின் மேல்தளத்தில் இயங்கிய போர் நினைவு அருங்காட்சியகத்திலும் இவ்வமைப்பே இருந்தது. காண்போர் படைக்கலத்தின் பெயர், காலம், செய்த நாடு ஆகியவற்றை அறிவர். அதனை ஏந்தியவன் எவன், எவனை அது வீழ்த்தியது என்பவற்றை அறியார். பழம்பொருளைப் பேணுதல் கடமை; அதனைக் குறைகூறவில்லை. அக்காட்சி தொண்டைமான் மனையின் வழித்தோன்றல், ஊர் மன்றத்துக் கல்லின் வழித்தோன்றல் அன்று என்பதே கூறவந்தது.

நினைவகத்திற்கு மூலம் வஞ்சிக் காண்டத்தில் உளது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என இளங்கோவடிகள் காதைகட்குத் தொல்காப்பியத் துறைப் பெயர்களையே இட்டார். பெயர் ஒன்றாயிருத்தலின் பொருளும் ஒன்றென நாம் கொண்டோம். ஆனால் நிகழ்ச்சி முற்றும் மாறிவிட்டது. குன்றக் குரவையில் குறவர் தாம் கண்டதை ஊரார்க்குக் கூறி, வேங்கை நிழலிலேயே கண்ணகியைத் தெய்வமாகக் கொண்டு குரவை ஆடினர். அவர்க்குப் படையெடுப்பு வேண்டியிருக்கவில்லை. சேரன் செங்குட்டுவனோ இமயத்துக் கல்லே வேண்டுமென்றான். அதன்பொருட்டுப் போர் எழுந்தது. கல்லைக் கனகவிசயர் முடித்தலையில் ஏற்றிக் கங்கையில் நீராட்டித் தலைநகருக்குக் கொணர்ந்தான். கண்ணகியின் நினைவுக்கெனத் தொடங்கிய கல், அதனைச் சுமந்தவர் தோல்விக்கும் சின்னமாகிவிட்டது. போரில் திறங்காட்டியோர்க்கு அரசன் பொன்னாலான வாகைப்பூ வழங்கினான். அவ்வடபுலப் போரில் வீழ்ந்த தமிழ் மறவர்க்குக் கல் நட்டதாக அடிகள் கூறவில்லை.

தலைநகரில் எழும் கல் ஊர்க்கல்லினின்றும் எங்ஙனம் வேறுபடும் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு இல்லை. அடிகள் இதனை ஐயமின்றிப் போற்றினார் என்பதும் தவறு. நடுகற் காதையில், சிறைப்பட்ட அரசர் சோழனுக்கும் பாண்டியனுக்கும் காட்டப்படுகின்றனர். இருவரும் மகிழ்ந்திலர். களத்தை விட்டு ஓடினோரை, அதுவும் தவவேடம் பூண்டு தப்ப முயன்றோரைப் பற்றிவருதல் வீரமாகாது என்னும் கருத்துப்பட மொழிந்தனர். மதுரையில் இருந்தவன் இங்ஙனம் கூறினான் என்பதனை எம்மூரார் நினைவிற்கொள்ளல் தகும். சேரன் சினந்தான்; மாடலன் நிலையாமை உணர்த்தத் தணிந்தான்; கனகவிசயர் விடுதலை பெற்றனர். வெற்றிச் சின்னத்தைப் பாடும் காப்பியத்திற்குள்ளேயே அச்சின்னத்தின்மீதான கண்டனத்தையும் வைத்த பெருமை அடிகட்கு உரியது.

கோட்டை அருங்காட்சியகத்தில் காரன்வாலிசு பிரபுவின் பளிங்குச் சிலை நிற்கின்றது. அதன் பீடத்தில், 1792 ஆம் ஆண்டு திப்பு சுல்தானின் மைந்தர் இருவர் பிணையாக ஒப்படைக்கப்பட்ட காட்சி செதுக்கப்பட்டுள்ளது. இருவரும் சிறுவர். நடுகற் காதையைக் கற்றவர் அப்பீடத்தின்முன் நின்றால் சோழனும் பாண்டியனும் கூறியதை நினையாதிருத்தல் அரிது. இங்கு அதனைக் கூறுவார் பீடத்தில் இல்லை. கடற்கரைச் சாலையின் நினைவுச் சின்னமோ முதல் உலகப்போரில் நேசப்படைகள் பெற்ற வெற்றியின்பொருட்டு எழுந்தது. ஆங்கிலப் பெயரிலேயே வெற்றி என்னும் சொல் உண்டு. பின்னர் இரண்டாம் உலகப்போரில் இறந்தோர்க்கும் அது உரியதாயிற்று. எழுந்த காரணத்தால் அது வாகைத் திணைக்குரியது. அதனை வெட்சியில் அடக்குதல் திணைமயக்கமும் ஆகாது, பிழையே ஆகும்.

தில்லி இந்தியா வாயில் 1921 இல் கால்கொண்டு 1931 இல் திறக்கப்பெற்றது. 42 மீட்டர் உயரமுள்ள அவ்வளைவில் 13,000 க்கு மேற்பட்ட பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. முதல் உலகப்போரிலும் அதனையொட்டிய போர்களிலும் இறந்த இந்தியர் ஏறத்தாழ 70,000 பேருக்கு அஃது எழுப்பப்பட்டது. அண்ணாந்து நோக்குவார்க்கு மேற்பகுதிப் பெயர்கள் புலப்படா. படிப்பதற்கெனப் பொறித்த எழுத்தும் அன்று அது. சுரத்தில் நடப்பவன் குனிந்து எழுத்துக்கூட்டிப் பார்க்கும் கல்லோடு இதனை எங்ஙனம் ஒப்பிடுவது? 1972 இல் அதன் அடியில் அமைந்த அமர் சவான் சோதியில் தலைகீழாக நாட்டிய துப்பாக்கியும் அதன்மேற் கவித்த தலைக்கவசமுமே இருந்தன, பெயரில்லை. அச்சோதி 2022 சனவரியில் புதிய நினைவகத்துச் சோதியுடன் சேர்க்கப்பெற்றது.

அக்காலத்திலேயே ஆங்கில அரசு நம் ஊர்கள் பலவற்றில் சிறு பலகைக்கற்களையும் பதித்தது. இவ்வூரிலிருந்து இத்தனைபேர் 1914 இல் தொடங்கிய பெரும்போருக்குச் சென்றனர், இத்தனைபேர் உயிர்நீத்தனர் என்பதே ஆங்கிலத்தில் அவற்றிலுள்ள செய்தி. வேலூர் மணிக்கூண்டில் அத்தகையதொன்று உண்டு. இக்கற்களை ஆராய்வார் மிகக் குறைவு. முதுகலை மாணவர் கைக்கொள்ளத்தக்க பொருள் இது. ஊர்க்கல்லில் எண் உண்டு, பெயரில்லை. தலைநகர்க் கல்லில் பெயர் உண்டு, ஊரில்லை. தீயன் அந்தவன் கல்லில் ஒருங்கே இருந்த இரண்டும் பிரிந்து, ஒன்று வேலூரிலும் மற்றொன்று தில்லியிலுமாகக் கிடக்கின்றன.

2019 பெப்ருவரி 25 இல் திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவகம் இக்குறையை ஓரளவு உணர்ந்து எழுந்தது எனலாம். அதனை வடிவமைத்தவர் சென்னையைச் சார்ந்த கட்டடக்கலைஞர் யோகேஷ் சந்திரகாசன். அமரம், வீரம், தியாகம், காவல் என நான்கு வட்டங்கள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்துள்ளன. தியாக வட்டத்தில் 25,000 க்கு மேற்பட்டோர்க்கு ஆளுக்கொரு கருங்கல் உண்டு. சிப்பாய்க்கும் தளபதிக்கும் கல்லின் அளவு ஒன்றே. இச்சமன்மை நடுகல் மரபிற் காண்டற்கு அரியது. ஊர்க்கு ஊர், குடிக்குக் குடி கல்லின் சிறப்பு வேறுபட்டது. இவ்வொன்றில் தலைநகர்க் கல் மேம்பட்டது என்பதனை ஒப்புக்கொள்ளல் வேண்டும். செயல் விரித்துரைக்கப்படும் இடமும் அங்கு உண்டு. ஆனால் அது பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேர்க்கும், புடைப்போவியத்திற் காட்டப்பட்ட சில போர்கட்குமே உரியது. ஏனையோர்க்குப் பெயரே எஞ்சியது.

பல்லாயிரவர் செயலைக் கல்லில் எழுதுதல் இயலுமோ என்பது தடை. முழுவதும் இயலாது, எனினும் வழி இல்லாமலில்லை. அமெரிக்கத் தலைநகர் வாசிங்டனில் 1982 இல் எழுந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000 பெயர்களும் அகரவரிசையிலன்றி, வீழ்ந்த நாள் வரிசையில் உள்ளன. ஒருநாள் ஒரு களத்தில் உடன் இறந்தோர் சுவரிலும் உடனிருக்கின்றனர். உறவினர் தாளை ஒற்றிப் பெயரைத் தேய்த்தெடுத்துச் செல்கின்றனர். செயல் கூறப்படாவிடினும் வைப்புமுறை செயலின் சாயலை உணர்த்துகின்றது. நடுகல் மரபை நன்கு கற்ற ஒருவர் தில்லியில் அறிவுரை கூறும் வாய்ப்புப் பெற்றிருப்பின், பெயரோடு களத்தின் பெயரையும் பொறிக்குமாறு வேண்டியிருப்பார் என எண்ணுகின்றேன்.

இன்னொரு தடையும் எழலாம். செங்கம் பகுதியில் நடுகற்கள் இன்று வேடியப்பன் என வழிபடப்படுகின்றன. எழுதிய பெயர் மறைந்து பொதுப்பெயர் நின்றுவிட்டது. ஆகவே ஊர்க்கல்லும் பெயரை மறந்ததே என்பர். உண்மை. ஆயினும் அங்குப் பெயர் மறைந்தபின்னும் பொங்கல் வைப்பவர் எஞ்சியுள்ளனர். தலைநகரில் பெயர் மறையாது. பொங்கல் வைப்பவர் செல்லூரில் இருக்கின்றார்.

ஆதலின் ஆய்வேடுகளில் தலைநகர் நினைவகத்தைப் பற்றி எழுதுவோர் வெட்சித் துறைகளைச் சான்றாக்குவதை விடுத்து, 95 ஆம் புறப்பாட்டையும் வஞ்சிக் காண்டத்தையும் வைத்து எழுதுக. சங்கக் கல்லைத் தலைநகர்க் கல்லுக்கு முன்னோடி ஆக்கினால், ஊரார் தம் ஒருவனுக்காக நட்டது அரசின் புகழுக்குச் சான்றாகிவிடுகின்றது. புலவர் கூறாததை அவர்மேல் ஏற்றியதாகின்றது. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய 232 ஆம் பாட்டில், கல்லுக்குப் பீலி சூட்டிச் சிறுகலத்தில் நாரால் வடித்த கள்ளை வைக்கின்றனர். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இச்சிறு கள்ளைக் கொள்வானோ என்று அவர் வினவுகின்றார். படையல் வைத்த கையும் ஐயுற்ற நெஞ்சும் ஒருவருடையவே. மேற்சொன்ன மாணவர் தம் ஆய்வேட்டிற்கு இப்பாட்டையே தொடக்கமாகக் கொண்டுள்ளார். தம் பாட்டனாரின் தம்பி வீழ்ந்த களத்தின் பெயரை அறியப் படைப்பிரிவின் ஆவணக்காப்பகத்திற்கு எழுதிவிட்டு, விடைக்குக் காத்திருக்கின்றார்.